மிச்சம் பிடித்த மாதம்

வீரகத்தி வீட்டுக்கு இணையம் எடுக்கப் போகிறார் என்ற கதை குடியேற்றம் முழுக்கப் பரவ அரைநாள் போதுமானதாக இருந்தது. ஊரே வாயில் கை வைத்தது. தொலைக்காட்சிப் பெட்டியையே பழைய சாரத் துணியால் மூடி மூலையில் தள்ளி வைத்திருக்கிற மனிசன் அவர். யாராவது வந்து அதைப் போடச் சொன்னால், "உதிலை என்னத்தைக் காட்டுறாங்கள், வயலுக்குத் தண்ணியோ காட்டுறாங்கள்?" என்று வாயை அடைத்து விடுவார்.

தண்ணீர்தான் அவருக்கு எல்லாம். முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் காணி கிடைத்தபோது தகப்பனோடு அச்சுவேலியிலிருந்து காற்சட்டையோடு வந்தவர். காடு வெட்டி, வரம்பு கட்டி, இடம்பெயர்ந்து, திரும்பி வந்து மறுபடியும் காடு வெட்டி, இப்போது அறுபது தாண்டி எட்டு வருடம். அந்தக் காணிகளுக்குப் போகிற வாய்க்காலுக்குத் தண்ணீர் முறை பார்ப்பது அவர்தான். கோடையில் செய்கிற சிறுபோகத்தில் குளம் பாதிக்குக் கீழே கிடக்கும். எந்த வயலுக்கு எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பதெல்லாம் அவர் சொன்னதுதான். தலைப்பக்கத்துக்காரன் எவனாவது முறை தப்பி ஒரு மண்வெட்டி மண்ணை விலக்கிவிட்டால் போதும், வீரகத்தி வரம்பில் நின்று பேசுகிற பேச்சு அடுத்த வாய்க்காலுக்கும் கேட்கும். அவர் பார்த்த காலத்தில் வால்பக்கத்து வயல் ஒன்றுகூடக் காய்ந்தது கிடையாது. அதில் அவருக்குப் பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

அப்படிப்பட்டவர் இணையத்துக்கு இறங்கியதற்குக் காரணம் இராசமலரின் ஆட்டைத் திவசம், அவள் போன முதலாண்டு நிறைவு.

இராசமலர் அவர் மனைவி. போன வைகாசியில், காலையில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தவள், நெஞ்சு நோகுது என்று சொல்லிக் கீழே இருந்தாள், இருந்தபடியே போய்விட்டாள். ஒரே பிள்ளை கோகுலன் பாரிசில், சாப்பாட்டுக் கடை ஒன்றில் கோப்பை கழுவுகிறான். போய் எத்தனையோ வருடமாகியும் விசா கிடைக்கவில்லை. அங்கிருந்து கிளம்பினால் திரும்பிப் போக முடியாது. செத்தவீட்டை அவன் கைபேசியில்தான் பார்த்தான். பக்கத்துக் காணிக் கௌசலாதான் தன்னுடைய போனைப் பிடித்து அவனுக்குக் காட்டிக்கொண்டு நின்றாள். வாய்க்கரிசி போடுகிற நேரம் பார்த்துப் படம் நின்றுவிட்டது. "அம்மான்ரை முகத்தைக் காட்டுங்கோ, முகத்தைக் காட்டுங்கோ" என்று அவன் கத்திய சத்தம் மட்டும் அத்தனை அழுகைக்கும் மேலால் கேட்டது. படம் திரும்பி வந்தபோது பெட்டியை மூடியிருந்தார்கள்.

அந்தச் சத்தம் வீரகத்தியின் காதைவிட்டுப் போகவேயில்லை. திவசத்தன்று மகனும் அங்கேயிருந்து, ஐயர் சொல்லச் சொல்ல, எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டும். ஓர் இடத்திலும் படம் நிற்கக்கூடாது. அதுதான் அவருடைய தீர்மானம்.

ஒட்டுசுட்டான் சந்தியில் நிரோஜா என்ற பெட்டை நடத்துகிற போன் கடைக்குப் போய்க் கதிரையில் இருந்துகொண்டு விசாரித்தார்.

"ஐயா, வயரிலை வாறது உங்கடை பக்கம் இன்னும் வரேல்லை. மெயின் றோட்டோடை நிண்டிட்டுது. ஒண்டு, சிம் போட்டு வேலை செய்யிற இந்தப் பெட்டியை எடுக்கலாம். இல்லாட்டில் கூரையிலை தட்டு வைச்சு வானத்திலையிருந்து நேரா எடுக்கலாம்."

"வானத்திலையிருந்தோ?"

"ஓமய்யா. சற்றலைற்."

"மழை பெய்தால்?"

"கடும் மழையெண்டால் கொஞ்சம் விட்டுவிட்டு வரும்."

"அப்ப அந்தக் கதையை விடு பிள்ளை. வானத்தை நம்பிக் காலபோகம் செய்து நான் பட்டது காணும்."

நிரோஜா சிரித்துவிட்டாள். "சரி, பெட்டியை எடுங்கோ. ஆனால் எந்தக் கொம்பனியெண்டு நான் இஞ்சையிருந்து சொல்லேலாது. உங்கடை வீட்டிலை எது இழுக்குதோ அதுதான் நல்ல கொம்பனி. ரெண்டு சிம் தாறன், போனிலை போட்டு வீடு முழுக்க நடந்து பாருங்கோ."

நடந்து பார்த்தார். தனியாக அல்ல, கௌசலாவும் வந்தாள். இரண்டு பேரும் போனை நெஞ்சுக்கு நேரே ஏந்திக்கொண்டு, பூசைத் தட்டு பிடித்தவர்கள் மாதிரி, அறை அறையாகப் போனார்கள். முதல் கொம்பனிக்காரனுக்கு வீட்டுக்குள் ஒரு கோடுதான் விழுந்தது. கிணற்றடிக்குப் போனதும் நான்கு கோடும் விழுந்தது.

"அண்ணை, கிணத்தடியிலை அந்தமாதிரி இழுக்குது!"

"கிணத்தடியிலை நெற் எடுத்து நான் என்ன குளிக்கவோ போறன்?"

மற்றக் கொம்பனி குசினியில் இழுத்தது. அதுவும் ஒரே ஓர் இடத்தில், குளக்கட்டுப் பக்கத்து யன்னலுக்கு மேலே, இராசமலர் கடுகும் வெந்தயமும் வைத்த தட்டில். டப்பாக்களைக் கீழே இறக்கும்போது வீரகத்திக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஒரு வருடமாக அவர் அந்தத் தட்டைத் தொட்டதில்லை. தாளிக்கிற சமையல் அவருக்கு எங்கே! காலையில் ஒரு பானை சோறு, மத்தியானம் அதோடு ஒரு பருப்போ கருவாடோ, மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி இரவுக்குப் பச்சை மிளகாயும் வெங்காயமும். அவ்வளவுதான் அவருடைய அடுப்பு.

பெட்டியை மாட்டித் தர நிரோஜா தானே மோட்டார் சைக்கிளில் வந்தாள். பச்சை வெளிச்சம் மூன்று எரிந்தது. பெட்டியோடு சேர்த்து அவர் வாங்கியிருந்த புதுப் போனில் ஒரு வட்டத்தையும் காட்டினாள். "இதுதான் உங்களிட்டை இருக்கிற டேற்றா. பாவிக்கப் பாவிக்க இந்த வட்டம் குறைஞ்சுகொண்டு வரும். முப்பது நாளைக்குப் போட்டிருக்கிறன். நீங்கள் ஒரு ஆள்தானே, தாராளம்."

வீரகத்தி வட்டத்தை உற்றுப் பார்த்தார். முழுதாக நிறைந்திருந்தது. அவருக்கு உடனே விளங்கிவிட்டது. குளம் நிறைந்திருக்கிறது. கண்டபாட்டுக்குத் திறந்துவிட்டால் முப்பது நாள் வரும். கையைச் சுருக்கிப் பிடித்தால் அதற்கு மேலும் வரும். திவசம் அந்த முப்பதுக்குச் சற்று அப்பால் கிடந்தது. அதைப்பற்றி அவர் அவளிடம் ஒரு சொல் கேட்கவில்லை. தண்ணீர் முறை பார்க்கிறவர் போய் இதையெல்லாம் ஒரு சின்னப் பெட்டையிடம் கேட்பாரா?

அன்று பொழுதுபட மகனுக்கு எடுத்தார். கோகுலனின் முகம் போன் முழுக்க வந்தது. முன்மண்டையில் மயிர் கொட்டியிருந்தது. நான்கு பேர் படுக்கிற அறை, மேலும் கீழுமாகக் கட்டில்கள்.

"அப்பா! என்னப்பா, இவ்வளவு கிளியராய்த் தெரியுறியள்! கௌசலா மாமி வீட்டிலையோ நிக்கிறியள்?"

"எங்கடை வீட்டிலைதான் நிக்கிறன். நெற் எடுத்திட்டன்."

அவன் கட்டிலில் எழுந்து இருந்தான். பிறகு, "குசினியைக் காட்டுங்கோ" என்றான். காட்டினார். கிணற்றைக் காட்டச் சொன்னான், முருங்கையைக் காட்டச் சொன்னான், நாய் இருக்குதா என்று கேட்டான். தாயின் படத்துக்குக் கிட்டப் போனைக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு வேளை வேலைக்கும் நடுவில் தனக்குக் கிடைக்கிற ஓய்வு நேரம் இதுதான் என்றும், இனி ஒவ்வொரு நாளும் இந்த நேரத்துக்கு எடுப்பேன் என்றும் சொன்னான். தகப்பனும் மகனும் வாழ்நாளில் அப்படி நீளமாகக் கதைத்ததில்லை. இராசமலர் இருந்தபோது கதையெல்லாம் அவள் வழியாகத்தான் போய் வந்தது. "அப்பா சுகமோ எண்டு கேக்கிறான்" என்று அவள் சொல்ல, "சுகமெண்டு சொல்லு" என்று இவர் வாசலில் நின்று சொல்லுவார்.

போனை வைத்துவிட்டு வீரகத்தி வட்டத்தைப் பார்த்தார். ஒரே பொழுதில் அவ்வளவு இறங்கியிருந்தது. போன் தன் பாட்டில் எதையெதையோ இறக்கிப் புதுப்பித்துக்கொண்டதும் அதில் சேர்த்தி என்பது அவருக்குத் தெரியாது. நாளாந்தம் இப்படித் திறந்துவிட்டால் திவசத்தன்று வட்டம் வறண்டு கிடக்கும், படம் நிற்கும், பிள்ளை திரும்பவும் கத்துவான். வீரகத்தி எழுந்து போய்ப் பெட்டியின் பிளக்கைக் கழற்றினார். புகை படாமல் ஒரு சுத்தமான துணியால் போர்த்தியும் விட்டார்.

அதற்குப் பிறகு அவர் மிச்சம் பிடித்தார். பிடித்தார் என்றால், அப்படிப் பிடித்தார்!

பகலில் அவ்வளவு தெரியவில்லை. வயலில் பயிர் கிளை கட்டுகிற பருவம். முறைக்குத் தண்ணீர் திறப்பதும் அடைப்பதும், நண்டு துளைத்த வரம்பைச் சேறு வைத்து மெத்துவதும், வால்பக்கம்வரை நடந்து ஒவ்வொரு வயலிலும் கால் வைத்துப் பார்ப்பதுமாக வெயில் போய்விடும். கச்சான் காற்று வாயைக் காயவைக்கும். மாலையில் கால் கழுவி விளக்கு வைத்ததும்தான் பிரச்சினை தொடங்கும். கோகுலன் ஓய்வெடுக்கிற நேரம் அது. வீரகத்தி சோற்றுக் கோப்பையோடு குசினியில் போய் இருப்பார். எதிரே தட்டில் பெட்டி போர்த்திக்கொண்டு கிடக்கும். ஓர் ஐந்து நிமிடம் போட்டால் என்ன? கை பிளக்குக்குப் போகும். ஐந்து நிமிடம் என்று திறந்த மதகை எவன் ஐந்து நிமிடத்தில் அடைத்திருக்கிறான்? கை திரும்பி வந்துவிடும். பாதிச் சோறு நாய்க்குப் போகும். செத்தவீடு கழிந்த நாட்களில்கூட அந்த வீடு அவருக்கு இவ்வளவு வெறுமையாக இருந்ததில்லை. அப்போது பேச ஆள் இல்லை. இப்போது ஆள் இருக்கிறான், இவர் பேசாமல் இருக்கிறார்.

கோகுலன் பொறுத்துப் பார்த்துவிட்டு அவருடைய பழைய பட்டன் போனுக்கு எடுத்தான். அதுவும் கிணற்றடியில்தான் கேட்கும்.

"அப்பா, ஏன் லைனிலை இல்லை?"

"பெட்டிக்கு ஏதோ பழுது."

அடுத்த முறை, "குரங்கு வயரைக் கடிச்சுப்போட்டுது." அதற்கு அடுத்த முறை, "கரண்ட் இல்லை." பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிசன். ஒவ்வொன்றும் சொல்லும்போதே தடுக்கியது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் உடனே காசு அனுப்புவான். அங்கே கோப்பை கழுவுகிற பிள்ளையின் கையை எதிர்பார்த்தா இவர் இணையம் எடுத்தார்? ஒரு நாள், ஒரே ஒரு நாள், நின்றுபோகாத படமாகத் தன் கையால் அவனுக்குக் கொடுக்க வேண்டும். அந்த ஆசையை வாய்விட்டுச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை, அதுதான் உண்மை.

கடைசியாக எடுத்தபோது கோகுலன் மெல்லக் கேட்டான். "அப்பா, உங்களுக்கு என்னோடை கோவமோ?"

"என்ன விசர்க் கதை கதைக்கிறாய்? வயலிலை முறைத்தண்ணி ஓடுது. பிறகு கதைப்பம்."

அதன் பிறகு பட்டன் போன் அடிக்கவில்லை. அவனுக்கும் வேலை கூடியிருக்கும் என்று வீரகத்தி நினைத்துக்கொண்டார்.

திவசத்தன்று விடியவே கௌசலா இரண்டு பெண்களோடு வந்து குசினியைப் பிடித்துக்கொண்டாள். கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், முருங்கையிலை வறை, பயற்றங்காய், பருப்பு, இராசமலருக்குப் பிடித்த மாங்காய்ச் சொதி. ஒரு வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கடுகு வெடித்தது. ஐயர் வந்து தர்ப்பையைப் பிரித்தார். வீரகத்தி வேட்டியும் ஈரத் தலையுமாக, போனை ஒரு கதிரையில் போத்தலோடு சேர்த்துக் கட்டி, பிண்டம் வைக்கிற இலை நன்றாகத் தெரிகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தார். பிறகு குசினிக்குப் போய்த் துணியை எடுத்துவிட்டுப் பிளக்கைக் குத்தினார்.

பச்சை இரண்டு எரிந்தது. மூன்றாவது சிவப்பாக எரிந்தது.

கழற்றித் திரும்பக் குத்தினார். சிவப்பு. கௌசலா பார்த்தாள், வந்த பெண்கள் பார்த்தார்கள். சிவப்பு சிவப்பாகவே இருந்தது. கௌசலாவின் போனும் கைகொடுக்கவில்லை, அதிலும் ஒரு கோடுதான். வீரகத்தி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடி நிரோஜாவுக்கு எடுத்தார்.

"ஐயா, உங்கடை முப்பது நாளும் முடிஞ்சுதெல்லோ. அதாலைதான் நிண்டிட்டுது."

"என்ன முடிஞ்சது? நான் பாவிக்கவே இல்லைப் பிள்ளை. முழுக்க அப்படியே கிடக்குது!"

"பாவிச்சாலென்ன, பாவிக்காட்டிலென்ன, தேதியோடை முடிஞ்சிடும் ஐயா."

"அப்ப மிச்சம்? நான் மிச்சம் பிடிச்சது எங்கை போனது?"

"ஒரு இடமும் போகேல்லை. அது... இல்லாமல் போயிடும், அவ்வளவுதான்."

"எந்தக் குளத்திலையடி பிள்ளை தேதிக்குத் தண்ணி வத்திறது?"

"நீங்கள் பாவிக்காமலோ இருந்தனீங்கள்?" என்று கேட்டாள். வீரகத்தி வீட்டுப் பக்கம் திரும்பி ஐயரைப் பார்த்தார். "சரி ஐயா, நான் இப்பவே இஞ்சையிருந்து ரீலோட் போட்டுவிடுறன். ரெண்டு நிமிசம். யோசியாதையுங்கோ."

சொன்னபடி இரண்டு நிமிடத்தில் சிவப்பு பச்சையாகியது. அவ்வளவு சின்ன வேலை அது. வீரகத்தி ஓடிவந்து கோகுலனுக்கு எடுத்தார். அடித்தது. அடித்து அடித்து ஓய்ந்தது. அதற்குள் போன் டிங் டிங் என்று குரல் கொடுக்கத் தொடங்கியது. விடாமல் ஒலித்தது. மாதம் முழுக்கத் தேங்கிக் கிடந்த செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன.

"நேரம் போகுது, இருங்கோ" என்றார் ஐயர்.

இருந்தார். கௌசலா கதிரைக்குப் பக்கத்தில் நின்று, மந்திரத்துக்கும் மந்திரத்துக்கும் நடுவில், திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டேயிருந்தாள். யாரும் எடுக்கவில்லை. வீரகத்தி எள்ளையும் தண்ணீரையும் தனியே இறைத்தார். இராசமலரின் பெயரை ஐயர் சொல்லச் சொன்னபோது இரண்டாம் முறைதான் சொன்னார். காகத்துக்கு வைத்தார்கள். வந்தவர்கள் சாப்பிட்டார்கள். சொதி இராசமலர் வைக்கிற மாதிரியே இருக்குது என்று யாரோ சொன்னார்கள். பொழுது சாய எல்லோரும் போய்விட்டார்கள்.

வீரகத்தி குசினி வாசலில் இருந்து, கௌசலா காட்டிவிட்டுப் போன மாதிரி, செய்திகளை ஒவ்வொன்றாக அமத்திக் கேட்டார். எல்லாம் மகனின் குரல்.

"அப்பா, லைனுக்கு வாங்கோ, ஒரு விசயம் கேக்கவேணும்." "அப்பா, இண்டைக்குக் கத்தரிக்காய் வைச்சனான், அம்மா வைக்கிற மாதிரி வரேல்லை, புளி எப்ப விடுறது எண்டு தெரியுமே?" "அப்பா, வயர் சரியோ?" "அப்பா, சும்மாதான்." ஒன்றில் பேச்சே இல்லை. மூச்சும், பின்னால் யாரோ பிரெஞ்சில் கத்துவதும் மட்டும் கேட்டது.

கடைசி, நேற்றுப் போட்டது.

"அப்பா, திவசத்துக்கு லீவு கேட்டு வைச்சிருந்தனான். இப்ப வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன். நாளைக்குக் காலமை வேலைக்குப் போறன். நீங்கள் பெட்டியைப் போடமாட்டியள் எண்டு எனக்குத் தெரியும். பழுதுமில்லை, குரங்குமில்லை. முதல் நாள் என்ரை மூஞ்சையைப் பார்த்தாப் போலை உங்களுக்கு எல்லாம் ஞாபகம் வந்திருக்கும். தாய்க்குக் கொள்ளி வைக்க வராத பிள்ளையோடை ஆர்தான் கதைப்பினம். நான் கோவிக்கேல்லை அப்பா. நீங்கள் சரிதான். நான் வரேலாமல் போச்செண்டு அம்மாட்டை மட்டும் சொல்லிவிடுங்கோ."

வீரகத்தி அதைத் திரும்பப் போட்டுக் கேட்டார். பிறகு வாய்விட்டு அழுதார். ஊருக்கெல்லாம் முறை பார்த்தவர், தன்னுடைய ஒரே வயலைத் தானே காயவிட்டிருந்தார்.

முகத்தைக் கழுவிவிட்டு அழைத்தார். எடுக்கவில்லை. விடாமல் அழைத்தார். எத்தனையாவது முறையோ, போன் முழுக்கப் பனிப்புகார் மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது. அது கோப்பை கழுவுகிற சுடுதண்ணீரின் ஆவி. ஆவிக்குள்ளிருந்து கோகுலன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"அப்பா? என்ன, என்ன நடந்தது? ஆருக்கும் ஏதுமோ?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை."

"திவசம் முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது." வீரகத்தி போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்தார். "தம்பி, பெட்டி பழுதில்லை. நான்தான் நிப்பாட்டி வைச்சனான். இண்டைக்கு உனக்குப் படம் நிண்டுபோகாமல் இருக்கவேணுமெண்டு மிச்சம் பிடிச்சனான். அது தேதியோடை போயிடும் எண்டு எனக்குத் தெரியாமல் போச்சு."

கோகுலன் கைத்துணியைக் கீழே வைத்தான். பின்னால் கோப்பைகள் மோதுகிற சத்தம் கேட்டது.

"எனக்காகவோ மிச்சம் பிடிச்சனீங்கள்?"

"வேறை ஆருக்கு?"

"உந்த மாதம் முழுக்கவோ?"

"ஓம்."

அவன் முகத்தைத் தோளில் துடைத்தான். யாரோ அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அவன் பெயர் மாதிரியே அது இல்லை. "அப்பா, மத்தியானக் கோப்பையள் குவிஞ்சு கிடக்குது. கழுவி முடிய இன்னும் ஒரு மணித்தியாலம் செல்லும். கதைக்கேலாது." அவன் தயங்கினான். "வைக்கட்டே?"

"வேண்டாம்" என்றார் வீரகத்தி. "நீ வேலையைப் பார். போனை எங்கையாவது சாத்தி வை. அது ஓடட்டும்."

கோகுலன் போனைச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டுத் திரும்பினான். அவனுடைய முதுகு மட்டும் தெரிந்தது. சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. அவன் கழுவினான். வீரகத்தி குசினி வாசலில் இருந்து அந்த முதுகைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். இரண்டு பேரும் ஒரு கதையும் கதைக்கவில்லை.